மார்கழி வழுக்கல்: மதராசி கேம்ப் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

இந்திய வரலாற்றில் மிகப் பிரபலமான வழுக்கல் நம் தில்லியில்தான் நடந்தது. அதுவும் குளிர்காலத்தில். 1556ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இன்று புராணா கிலா என்று நாம் அழைக்கும் கோட்டைக்குள் ஷேர் மண்டல் என்னும் எண்கோணக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து பாதுஷா ஹுமாயூன் இறங்கிக்கொண்டிருந்தார். மாலைத் தொழுகைக்கான அழைப்பு காதில் விழுந்தது. படியிலேயே மண்டியிடப் போனார். அங்கியில் கால் சிக்கியது, ஊன்றியிருந்த கைத்தடி வழுக்கியது என்று அக்காலப் பதிவுகள் சொல்கின்றன. தலையில் அடிபட்டுச் சில நாள்களில் இறந்தார். பிள்ளை அக்பருக்கு அப்போது 13 வயது, இருந்ததோ பஞ்சாபில். மரணச் செய்தியைச் சில வாரங்கள் மறைத்து வைத்து, ஹுமாயூனைப் போல உடையணிந்த ஒருவரை மக்கள் முன் நிறுத்தினார்கள் என்றும் படிக்கிறோம். அந்தப் படிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குறுகலான, செங்குத்தான கல்படிகள். ஜனவரி மாதத்துச் சாயங்காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வழுக்கி விழுந்த பாதுஷாவுக்கு மனைவி பெகா பேகம் எழுப்பிய சமாதியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் மதராசி கேம்ப் இருந்தது. "இருந்தது" என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. 2025 ஜூன் 1ஆம் தேதி புல்டோசர் வந்தது. அதுவரை அரை நூற்றாண்டுக்கு மேலாக, ஜங்புராவை ஒட்டி, பாரபுல்லா நாலாவின் கரையில் நம் ஜனங்கள் வாழ்ந்த இடம் அது.

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது கேம்ப்பைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். குடியேற்றம், வழக்கு, இடிப்பு இவற்றையெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பத்திரிகைகள் எழுதிவிட்டன. நான் எழுத வந்தது அந்த ஜனங்கள் தில்லிக் குளிரில் கீழே விழாமல் நடக்கக் கற்றுக்கொண்ட கதையை. இதெல்லாம் வரலாறா சார் என்று கேட்பவர்கள் முதல் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

முதலில் சொல். நமக்குப் பனி என்றால் எல்லாமே பனிதான். புல் நுனியில் நிற்பதும் பனி, மார்கழி காலையில் கண்ணை மறைப்பதும் பனி, இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி. இந்திக்காரர் ஓஸ், கோஹ்ரா, பர்ஃப் என்று தனித்தனியாகப் பிரித்துவிடுவார். தொல்காப்பியர் காலத்திலிருந்தே நமக்கு மார்கழியும் தையும் முன்பனிக்காலம், மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். நெடுநல்வாடை எழுதிய நக்கீரர் குளிரில் கைகாய்ச்சும் கோவலர்களைக் காட்டுகிறார். ஆனால் உறைபனியில் நடப்பது எப்படி என்று எந்தப் புலவரும் சொல்லவில்லை, தேவைப்படவில்லை. விழுவதற்கு மட்டும் நம்மிடம் சொற்கள் ஏராளம். இடறுதல், தடுக்குதல், சறுக்குதல், வழுக்குதல் என்று நான்கும் நான்கு விதம். கல் இருந்தால் தடுக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால்தான் வழுக்கும். யானைக்கே அடி சறுக்கும் என்று சொன்ன பாட்டி வழுவழுப்பான பாறையையோ சேற்றையோதான் மனதில் வைத்திருப்பாள், பனிக்கட்டியை அல்ல.

தில்லியில் பனிக்கட்டி ஏது என்று கேட்கலாம். நியாயம்தான். சிம்லா மாதிரி இங்கே பனி கொட்டுவதில்லை. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1935 ஜனவரி 16ஆம் தேதியின் மைனஸ் 0.6 டிகிரி. அதற்கடுத்து நம் காலத்தில் 2006 ஜனவரி 8ஆம் தேதி 0.2 டிகிரிக்கு இறங்கியது. அன்று காலை கார்க் கண்ணாடிகளிலும் புல்தரையிலும் வெள்ளையாக உறைபனி படிந்திருந்ததைப் பார்த்தவன் நான். கேம்ப்பில் ஒரு பெரியம்மா, "தகரத்து மேல உப்பு தெளிச்ச மாதிரி இருந்திச்சி, தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது" என்று சொன்னார். அது அபூர்வம். தில்லியின் உண்மையான வழுக்கல் உறைபனியால் வருவதல்ல, காயாத ஈரத்தால் வருவது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன் 53 டிகிரிக்கு மேல் உயரத்தில் நிற்கும். தில்லியில் 38 டிகிரிதான். பத்தடி உயரச் சுவர் ஒன்றின் நிழல் அன்று நண்பகலில் சென்னையில் சுமார் ஏழரை அடி விழும் என்றால், தில்லியில் பன்னிரண்டரை அடியைத் தாண்டும். கேம்ப்பின் சந்துகள் பலவும் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைச் சாய்த்து வழிவிட வேண்டிய அகலம். ஆக, கிழமேலாகப் போகும் சந்து ஒன்றில் டிசம்பர் முதல் ஜனவரி கடைசி வரை தரையில் வெயிலே படாது. இரவெல்லாம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. பக்கத்திலேயே நாலா, விடிகாலையில் அதிலிருந்து ஆவி புகை மாதிரி எழும்பும். இதோடு மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத்தால் நடுவில் இரண்டு நாள் மழை வேறு. 2024 டிசம்பர் 27, 28 தேதிகளில் ஒரே நாளில் 41.2 மில்லிமீட்டர் கொட்டியது. தில்லியின் டிசம்பர் மாதத்துக்கு அது நூறு வருஷத்தில் இல்லாத மழை. இப்படி வாரக்கணக்கில் காயாத தரையில் பாசி பிடிக்கும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் பாசியை விட, இன்னும் பச்சையாகாத முதல்வாரப் பாசிதான் ஆபத்து என்று கேம்ப்பில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தத் தரையில் யார், எப்போது நடந்தார்கள் என்பதுதான் விஷயம். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் தென்னாற்காடு, சேலம் பக்கத்திலிருந்து, குறிப்பாகக் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் சுற்றுவட்டாரத்திலிருந்து, வறட்சிக்கும் கடனுக்கும் தப்பி ரயிலேறி வந்தவர்கள். ஆண்கள் கட்டட வேலை, வண்டி ஓட்டுவது, பெயிண்டிங் என்று போனார்கள். பெண்களில் மிகப்பலர் ஜங்புரா, நிஜாமுதீன், டிஃபென்ஸ் காலனி கோட்டிகளில் வீட்டுவேலை. தில்லியில் அதற்குப் பெயரே "ஜாடு போச்சா": பெருக்குவது, ஈரத்துணியால் துடைப்பது. முதல் வீட்டுக்கு ஆறு மணிக்குள் போயாக வேண்டும். ஜனவரியில் தில்லிச் சூரியன் ஏழேகாலுக்குத்தான் எழுந்திருக்கும். ஆகவே இருட்டில், மூட்டத்தில், ஈரச் சந்தில், தேய்ந்த ஹவாய் செருப்பில் நடை. போய்ச் சேர்ந்த இடத்திலோ மொசைக், மார்பிள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு, தானே நனைத்த தரையில் பின்பக்கமாக நகர வேண்டும். குளிரில் பாதம் மரத்துப்போனால் தரையின் வழுவழுப்பு மூளைக்குத் தெரிவதே தாமதம். வழுக்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராலும் செய்ய முடியாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், ஒரு விழுதல் என் வீட்டில் நடந்தது. அதைச் சொல்லாமல் மற்றதை எழுதுவது அழகல்ல.

1979இல் மத்திய அரசு வேலையில் சேர்ந்து தில்லிக்கு வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜங்புரா எக்ஸ்டென்ஷனில் வாடகைக்கு இருந்தோம். கள்ளக்குறிச்சிப் பக்கத்து அம்மா ஒருவர் எங்கள் வீட்டையும் சேர்த்து ஐந்து வீடுகளில் வேலை செய்தார். என் மனைவி அவரை அக்கா என்பாள், நான் அம்மா என்பேன், அவர் என்னை "சார்" என்பார். ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை முன்னிரவில், ஸ்கூட்டரைத் துடைத்த சோப்புத் தண்ணீரைப் பின்கட்டுப் படியில் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். ஊரில் என்றால் அரைமணியில் காய்ந்திருக்கும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த அம்மா அந்தப் படியில் கால் வைத்தார்.

விழும்போது யாரும் கையை ஊன்றத்தான் செய்வோம். மணிக்கட்டு உடையும். டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இலேயே, எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு எண்பது வருஷத்துக்கு முன்பே, இந்த முறிவை விவரித்துவிட்டார். இன்றும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது. அந்த அம்மாவுக்கு வலது கையில் அதுவேதான். ஆறு வாரம் மாவுக்கட்டு. வைத்தியச் செலவை நான் கொடுத்தேன், சம்பளத்தையும் பிடிக்கவில்லை. பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு. மற்ற நான்கு வீடுகள் பத்து நாளில் வேறு ஆளை வைத்துக்கொண்டன. அதில் இரண்டு வீட்டை விடக்கூடாது என்று எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகளை அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் மறுபடி பள்ளிக்குப் போகவில்லை. இது எனக்குத் தெரியவந்தது மூன்று வருஷம் கழித்து, வேறேதோ பேச்சில். "கட்டு பிரிச்ச அப்புறம் நானே போயிருப்பேன் சார். ஆனா அதுக்குள்ள அவளுக்குப் பரிச்ச முடிஞ்சிபோச்சி" என்றார் சாதாரணமாக. என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம். சாகாமல் வேலையை இழப்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. வீட்டுவேலை செய்பவர்களை ஒரு தொழிலாளராகச் சேர்த்துப் பேசும் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமே 2008இல்தான் வந்தது.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் கேம்ப்புக்குப் போகும்போதெல்லாம் தரையைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்ததும் கேட்டதும் என் நோட்டுப் புத்தகத்தில் உண்டு.

முதல் விஷயம் வாசல் தெளிப்பது. ஊரில் மார்கழி என்றால் விடியுமுன் எழுந்து சாணம் கரைத்து வாசல் தெளித்துக் கோலம் போடுவது பெண்களின் பெருமை. தில்லியில் மார்கழி என்பது சரியாக மூடுபனியின் உச்சம். வந்த புதிதில் பழக்கத்தை விடாமல் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கும் காயவில்லை. போதாததற்குக் கடையில் விற்ற கோலமாவு அரிசிமாவு அல்ல, கல்மாவு. ஈரத்தில் கல்மாவு சோப்பு மாதிரி. "மொத வருசம் வாசத் தெளிச்சி மாமியார விழ வெச்சேன், ரெண்டாம் வருசம் நானே விழுந்தேன்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் வந்த ஏற்பாடு: மார்கழி மட்டும் வாசலில் தண்ணீர் கிடையாது. வறண்ட துடைப்பத்தால் பெருக்கி, கதவுக்குப் பக்கச் சுவரோரம், கால் படாத இடத்தில் சின்னக் கோலம். பொங்கலன்று மட்டும் வெயில் வந்தபிறகு பெரிய கோலம். ஆசாரத்தைக் கைவிட்டதாக ஊரிலிருந்து வந்த கிழவிகள் முணுமுணுத்திருக்கலாம். எனக்கென்னவோ கோலத்தின் வரலாறு எழுதுகிறவர்கள் இதையும் ஒரு அத்தியாயமாகச் சேர்க்க வேண்டும் என்று படுகிறது.

இரண்டாவது சாம்பல். அங்கீட்டியில் கரி போட்டுக் குளிர் காய்ந்த காலத்தில் காலையில் மிஞ்சும் சாம்பலைச் சந்தில் தூவுவார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. நிலக்கரிச் சாம்பல் மட்டும்தான் தூவலாம், அது நறநறவென்று காலைப் பிடிக்கும். விறகுச் சாம்பலைத் தூவினால் ஈரத்தில் குழைந்து இன்னும் வழுக்கும். விறகுச் சாம்பலில் காரம் உண்டு, பாத்திரம் துலக்க அது உதவுவதற்கும் அதுவே காரணம். இந்த வேதியியலை யாரும் பாடமாகப் படித்ததில்லை, ஒருத்தர் விழுந்து இன்னொருத்தர் கற்றுக்கொண்டது. கேஸ் அடுப்பு பரவிக் கரி போனபிறகு கட்டட வேலையிலிருந்து வந்த ஆற்றுமணல் ஒரு சாக்கு மூலையில் இருக்கும். கனடாவில் இருக்கும் என் தம்பி மகன், டொராண்டோவில் இதே வேலையை உப்பு செய்கிறது என்கிறான். தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைவதை உப்பு இன்னும் கீழே தள்ளிவிடும். பனிக்கட்டி இல்லாத தில்லி ஈரத்தில் உப்புக்கு வேலை இல்லை. தூவினால் காற்றின் ஈரத்தை இழுத்து இன்னும் நசநசப்பாகும். பனிப்பொழிவு நின்ற 12 மணி நேரத்துக்குள் வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்யாவிட்டால் அபராதம் என்று டொராண்டோவில் சட்டம் இருக்கிறதாம். என் பின்கட்டுப் படிக்கு அப்படி ஒரு சட்டம் இருந்திருக்கலாம்.

செருப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஹவாய் செருப்பின் ரப்பர் குளிரில் இறுகும். அடியில் கோடுகள் தேய்ந்துவிட்டால் தரைக்கும் செருப்புக்கும் நடுவில் உள்ள தண்ணீர் வெளியேற வழியில்லை, கால் தண்ணீரின் மேல்தான் நிற்கும். மோட்டார் டயரில் கோடு வெட்டியிருப்பது எதற்கோ அதற்கேதான் செருப்பிலும் கோடு. கேம்ப்பில் தீபாவளி கழிந்ததும் பழைய செருப்பின் அடியில் கத்தியால் குறுக்குக் கோடு கீறிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மார்க்கெட்டில் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ் கிடைக்கும், செருப்போடு போட வசதி. ஆனால் கோட்டிக்குள் போனதும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது எழுதாத விதி. துடைத்த மார்பிளில் கம்பளி சாக்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டு அம்மாக்கள் பரிதாபப்பட்டு, "கழற்றாதே, குளிரும்" என்பார்களாம்.

நடையும் ஒரு பாடம். சால்வைக்குள் இரண்டு கையையும் மடக்கிக்கொண்டு நடப்பதுதான் குளிருக்கு இதம், விழுவதற்கும் அதுவே வழி. "கைய வெளிய வுடு, குளுரட்டும்" என்று அம்மாக்கள் பெண்களை அதட்டுவது மதராசி கேம்ப்பின் ஜனவரி சுப்ரபாதம். குதிகாலை முதலில் வைக்காமல் முழுப் பாதத்தையும் சேர்த்து, எட்டுகளைச் சின்னதாக்கி நடப்பது. பெரிய பாத்திரத்தில் வெந்நீர் தூக்காமல் இரண்டு தடவையாகக் கொண்டுபோவது. போச்சா போடும்போது தூர மூலையில் தொடங்கி வாசலை நோக்கி வருவது, துணியை இரண்டு முறை பிழிவது, சோப்புத்தூள் போட்டால் கட்டாயம் இன்னொரு தரம் நல்ல தண்ணீர். வெளிநாட்டுக் கையேடுகளில் "பென்குவின் நடை" என்று படம் போட்டு இதைத்தான் சொல்கிறார்கள். நம் அம்மாக்கள் பென்குவினைப் பார்த்ததில்லை.

எண்ணெய்க் குளியலையும் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை அறுபது வயசுக்கு மேற்பட்டவர்கள் விடமாட்டார்கள். குளிக்கும் கல்லில் எண்ணெய் படிந்து, குளிரில் கெட்டித்து, அடுத்து குளிக்க வருபவரை வீழ்த்தும். குளித்தவரே சீயக்காய்ச் சக்கையால் கல்லைத் தேய்த்துவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. இதை மட்டும் ஆண்கள் கடைசிவரை மதிக்கவில்லை.

இனி அந்த நாலாவைப் பற்றி. ஜஹாங்கீர் காலத்தில் அரண்மனை அதிகாரி மிஹ்ர் பானு ஆகா கட்டிய கல்பாலம் அதன்மேல் இன்னும் நிற்கிறது. பதினோரு வளைவு, பன்னிரண்டு தூண். அதனால்தான் பாரபுல்லா என்பார்கள். தூணை எண்ணினால் பன்னிரண்டு வருகிறது, வளைவை எண்ணுகிறவன் குழம்புகிறான். 2010 காமன்வெல்த் போட்டிக்காக நாலாவின் மேலேயே தூண் நட்டுப் பறக்கும் சாலை போட்டார்கள். பிறகு வெள்ளம் வடிய நாலாவை அகலப்படுத்தித் தூர்வார வேண்டும் என்று வழக்கு. 2025 மே 9ஆம் தேதி தில்லி உயர்நீதிமன்றம் ஜூன் 1 முதல் கேம்ப்பை அகற்ற உத்தரவிட்டது. சுமார் 370 குடிசைகளில் முதலில் 189 குடும்பங்கள், பிறகு முறையீட்டில் சேர்ந்தவர்களோடு 215 குடும்பங்கள் நரேலாவில் வீடு பெறத் தகுதியானவை என்று ஆயிற்று. நரேலா அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஆறு மணிக்கு ஜங்புராவில் போச்சா போட வேண்டியவர் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சிலர் போனார்கள், சிலர் நரேலாவுக்கு, பலர் அக்கம்பக்கத்தில் வாடகை அறை தேடி.

அந்த அம்மா இப்போது இல்லை. மகளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, அவரும் ஜாடு போச்சாதான். வேலை வீடுகளை விட முடியாது என்று பக்கத்திலேயே ஒரு வாடகை அறையில் இரண்டாம் மாடியில் இருக்கிறார். இந்தக் கட்டுரைக்காகப் போனில் பேசியபோது, அம்மாவிடம் கற்றதில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்கு சார். இங்க படிதான் மொழுமொழுன்னு இருக்கு, வெளிச்சமும் வராது. பழைய சைக்கிள் டயர வெட்டி, படி விளிம்புல ஆணி அடிச்சி வெச்சிருக்கேன். மேல எங்க வூட்டு வரைக்கும்தான் முடிஞ்சிது. மொட்டமாடிக்குப் போற ஏழு படி பாக்கி இருக்கு, டயரு தீந்துபோச்சி" என்றார்.

என் ஸ்கூட்டரின் பழைய டயர் ஒன்று பரணில் கிடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.